தரைக்கு இறங்கிய மாடி

நாடக வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே என்னைக் கிழவனாக்கிவிட்டார்கள். அப்போது எனக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. நரைத்த ஒட்டுத்தாடி ஒன்றைக் கையில் திணித்து, "இதைக் கட்டிக்கிட்டு இரும ஆரம்பிங்க தம்பி" என்றார் மேலாளர். இருமினேன். "இன்னும் கொஞ்சம் அடிவயித்துலேர்ந்து" என்றார். அடிவயிற்றிலிருந்து இருமினேன். அதற்கப்புறம் நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை.

வெளியாட்களுக்கு இது புரியாது. மற்ற இடங்களில் முகத்தைப் பார்த்து, குரலைப் பார்த்து வேஷம் கொடுப்பார்களாம். அது பாரபட்சத்துக்கு இடம் கொடுக்கும் என்று எங்கள் வாரியம் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. எங்களிடம் எல்லாம் பணிமூப்புதான். புதிதாக வருபவன் கிழவன். கொஞ்ச காலம் தள்ளினால் வைத்தியர். அதற்கு மேல் வேலைக்காரன், அதற்கும் மேல் நண்பன், உச்சாணிக் கொம்பில் காதலன். பெண்களுக்கும் இதே ஏணிதான். பல் போன செவிலித்தாயாகச் சேர்ந்து, மெல்ல மெல்ல மேலேறி, பேரன் பேத்தி எடுத்த பிறகு கன்னிப்பெண்ணாக வேண்டும். ஆக, தலை நரைக்க நரைக்க எங்களுக்கு இளமை கூடிக்கொண்டே போகும். காதலனாகி இரண்டு கைதட்டல் வாங்குவதற்குள் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாடகமும் ஒன்றே ஒன்றுதான். 'பூட்டிய வீட்டுக் கல்யாணம்' என்று பெயர். எழுதியவர் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டதால் அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை. அதனாலேயே வாரியத்துக்கு அது பிடித்துப்போயிற்று. கதை லேசானது. மனைவியை இழந்த ஒரு கிழவர் தன் ஒரே மகளை மாடியறையில் வைத்துப் பூட்டுகிறார். வேலைக்காரன் கொண்டை ஊசியால் பூட்டைத் திறந்து காதல் கடிதங்களை உள்ளே விடுகிறான். காதலன் மாடி ஜன்னலுக்கு ஏறுகிறான். கிழவரைப் பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டு எல்லோருமாகச் சேர்ந்து பெண்ணை இறக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைசியில் கிழவர் மூடியைத் திறந்து எழுந்து, "என் பொண்ணு எங்கே?" என்று கேட்டு அழுகிறார். அந்த இடத்தில் சபை சிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எங்கள் சபையில் மழைக்கு ஒதுங்கியவர்களும் இலவச அனுமதிக்காரர்களும்தான் இருப்பார்கள். அவர்கள் அந்த நேரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அப்போதைய காதலனை எல்லோரும் சின்னவர் என்று கூப்பிட்டோம். ஓய்வு பெற ஓரிரு வருஷம் இருந்த மனிதர், நல்ல மனுஷர், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. என்னைப் பெரியவர் என்பார்கள். சின்னவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்குவார். "பெரியவரே, பார்த்து, பார்த்து" என்பார்.

அவர் முழங்காலால்தான் மாடி இறங்க ஆரம்பித்தது. முதலில் ஏணியில் ஒரு படியைக் குறைத்தார்கள். படி குறைந்ததால் ஜன்னல் எட்டவில்லை. ஆகவே ஜன்னலை இறக்கினார்கள். ஜன்னல் இறங்கியதால் மாடியை இறக்கினார்கள். அடுத்த வருஷம் முழங்கால் இன்னும் கொஞ்சம் மோசம். மாடியும் இன்னும் கொஞ்சம் கீழே. ஒவ்வொரு தடவையும் இதற்காகக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். எங்கள் தலைவர் குடிநீர்த் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். கலையை அவர் தொட்டியும் குழாயுமாகத்தான் பார்ப்பார்.

"காதலன் ஏறணும்னு எழுதியிருக்கு, சரி" என்றார் ஒரு கூட்டத்தில். "எவ்வளவு உயரம் ஏறணும்னு எழுதியிருக்கா? இல்லை. அப்ப அது நம்ம அதிகாரத்துக்குள்ள வர்ற விஷயம். தண்ணித் தொட்டியை ஏன் உயரத்துல வைக்கிறோம்? தண்ணி கீழ வரணும். காதல் கீழ வரணும்னு ஏதாவது கட்டாயம் இருக்கா? அதனால மாடி கீழயே இருந்தா ஒரு நஷ்டமும் இல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில் மாடி தரைக்கே வந்துவிட்டது. கதாநாயகி தரையில் நின்றுகொண்டு கீழே எட்டிப் பார்ப்பார். சின்னவர் அவர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, பழக்க தோஷத்தில், உத்தரத்து விளக்கைப் பார்த்து, "உயரத்தில் இருப்பவளே" என்று கூப்பிடுவார். பிறகு ஜன்னல் சட்டத்தைத் தாண்டிக் காலை வைப்பார். அதற்கே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த லட்சணத்தில்தான் நான் காதலில் விழுந்தேன். விழுந்த இடம் பெட்டி. மூன்றாம் காட்சியில் என்னை உள்ளே தள்ளி மூடியதும் செவிலித்தாய் மேலே ஏறி உட்கார்ந்துகொள்வாள். சின்னவர் ஒவ்வொரு வசனத்தையும் யோசித்து யோசித்துச் சொல்லுவதால் அந்தக் காட்சி லேசில் முடியாது. எனக்கு அடுத்த வருஷம் சேர்ந்த பெண் அவள். பல்லில் மை தடவி, கூன் போட்டு, கன்னத்தில் கோடு கோடாக வரைந்திருப்பாள். நிஜ முகம் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெட்டியில் காற்றுக்காக ஒரு ஓட்டை இருந்தது. ஒருநாள் அந்த ஓட்டை வழியாகக் குரல் மட்டும் வந்தது.

"மூச்சு முட்டுதா பெரியவரே?"

"பழகிடுச்சு" என்றேன்.

"எனக்கும் முதுகு பழகிடுச்சு. வீட்டுலகூடக் குனிஞ்சேதான் நடக்கறேன். எங்கப்பா தினம் திட்டறார்."

இப்படித்தான் ஆரம்பித்தது. சின்னவர் மேடையில் காதல் வசனத்தைத் தேடிக்கொண்டிருந்த வருஷங்களில் நாங்கள் ஒரு பலகைக்கு மேலும் கீழுமாக இருந்து எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டோம். வேஷம் கலைத்து அவளை முதலில் பார்த்தபோது, யாரோ என்று நினைத்து வழி விட்டு ஒதுங்கினேன். அவளும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவ்வளவு சின்னப் பையனா நீங்க?" என்றாள். இருந்தும் பெரியவரே என்று கூப்பிடுவதை அவள் விடவில்லை, நானும் செவிலி என்பதை விடவில்லை.

அவளுக்கு அம்மா இல்லை. அப்பா பூட்டு பழுது பார்ப்பவர். கடைத்தெருவில் சின்ன அறை, சுவரெல்லாம் சாவி. அவர் ஒருநாள் கடையை மூடும்போது, பூட்டுக் கம்பெனி விற்பனையாளன் ஒருவன் பெண் கேட்டிருப்பதாகவும், நல்ல பையன் என்றும், மாதக் கடைசியில் வாக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். செவிலி பதறிப்போய், "கொஞ்சம் பொறுங்கப்பா, முதல்ல எங்க நாடகத்தை வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மனிதர் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். நான் பெட்டியைத் திறந்துகொண்டு, "என் பொண்ணு எங்கே?" என்று கேட்டபோது, சபையில் ஒரே ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். அது அவர்தான். வீட்டுக்குப் போகிற வழியில், "அந்தக் கிழவர் தங்கமான மனுஷன்மா" என்றாராம். சமயம் பார்த்து இவள், "அவரைத்தான் நான் கட்டிக்கறேன்னு சொல்றேன்" என்று போட்டு உடைத்துவிட்டாள். மனிதர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"அவருக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி."

"அது வேஷம்பா."

"தலைக்கு வேஷம் போடலாம். இருமலுக்குமா?"

சரி, நேரில் போய் முகத்தைக் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன். சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கண்ணாடியில் நான்கு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர்கள் வீடு கடைக்கு மேலே. படியேறி முடித்ததும் தொண்டை கமறியது. ஒரு இருமல்தான், ஆனால் அடிவயிற்றிலிருந்து வந்தது. இருமியதும் முதுகு தானாக வளைந்தது. முதுகு வளைந்ததும் கை தானாகக் கைத்தடியைத் தேடியது. இத்தனை வருஷ வேலை அது, சொன்னால் கேட்குமா?

அவர் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார். "மெதுவா ஐயா, மெதுவா. படி செங்குத்து. நான் கீழ வந்திருப்பேனே" என்று தலையணை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தார்.

"எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகலைங்க" என்றேன்.

"எங்கப்பாவும் கடைசிக் காலத்துல இப்படித்தான் சொல்லிட்டிருந்தார்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். வெந்நீர் கொடுத்தார். போகும்போது தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். அவ்வளவு மரியாதையாக என்னை இதுவரை யாரும் நடத்தியதில்லை. வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் பெட்டிக்கு மேலிருந்து செவிலி யோசனை சொன்னாள்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், அப்பா உங்களைக் காதலனாப் பார்க்கணும். பார்த்துட்டா வயசுப் பேச்சு அடங்கிடும்."

"எனக்கு மேல நாலு பேர் இருக்காங்களே. சின்னவர் விழுந்தா நண்பன், நண்பன் விழுந்தா வேலைக்காரன். நாலு பேரையும் எப்படிப் படுக்க வைப்பே?"

"படுக்க வேண்டாம். உட்கார வைக்கலாம்" என்றாள்.

எங்கள் தலைவருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு, பேசுவது. கேட்க ஆள் இருந்தால் போதும், மனிதர் சாப்பாட்டையே மறந்துவிடுவார். செவிலி அவர் அறைக்குப் போனாள். நான் கதவுக்கு வெளியே தாடியைச் சீவுகிற பாவனையில் நின்றேன்.

"ஐயா, சீனியர் கலைஞர்கள் எல்லாரும் ஒரே குறை சொல்றாங்க. இத்தனை வருஷத்துல நகைச்சுவை பத்தி நீங்க ஒரு தடவைகூட முழுசாப் பேசினதே இல்லையாம்."

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. "யார் சொன்னது? எல்லாருமா?"

"சின்னவர்கூடக் கண் கலங்கினார் ஐயா. நாடகம் இருக்கிற நாள்லதான் எல்லாரும் ஒண்ணா வர்றாங்க, அன்னிக்கு வெச்சா நல்லாயிருக்கும்னு..."

"நாடகம் நடக்கட்டும். அது பாட்டுக்கு நடக்கட்டும். நாடகம் நடக்கிறதுக்கும் கலைஞர்களுக்கும் என்ன சம்பந்தம்? நான் துறையில இருந்தப்ப இன்ஜினியர் எல்லாரையும் பயிற்சிக்கு அனுப்பிட்டு ஊருக்கே தண்ணி விட்டிருக்கேன். தண்ணி வந்து சேர்ந்துதா இல்லையாங்கறது வேற விஷயம். ஜூனியர்ஸை வெச்சு நடத்துங்க. மூப்பு வரிசை மட்டும் மாறக் கூடாது."

"வைத்தியர் வேஷத்துக்கு ஆள் இல்லையே ஐயா?"

"யாருக்கும் உடம்புக்கு வராமப் பார்த்துக்கங்க."

வரிசைப்படி பார்த்தால் மிஞ்சியது நாங்கள் இருவரும், தச்சரும், வாசலில் டிக்கெட் கிழிப்பவரும்தான். எங்களுக்கு மேலே இருக்கும் எல்லோரும் தலைவர் பேசும் பயிலரங்கத்துக்குப் போனால், விதிப்படி நான் காதலன், அவள் கதாநாயகி, டிக்கெட்காரர் வேலைக்காரன், தச்சர் கிழவர். தச்சர் முதலில் மறுத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்.

"நடிக்கறேன். ஆனா பெட்டிக்குள்ள இறங்க மாட்டேன். அதைச் செஞ்சவன் நான், எனக்குத் தெரியும் அது எப்படிச் செஞ்சதுன்னு."

அவரே இன்னொன்றும் செய்தார். மாடியின் பழைய கால்களை அவர் எறிந்துவிடாமல் சாமான் அறையில் வைத்திருந்தார். பயிலரங்கத்தன்று மத்தியானம் அவற்றை இழுத்து வந்து பொருத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"இது ரொம்ப உயரமா இருக்கே?"

"எழுதினவர் இவ்வளவுதான் எழுதியிருந்தார்" என்றார் தச்சர். "நீங்கதான் பார்த்ததில்லை."

அன்று மாலை மழை. சபை ஓரளவு நிறைந்திருந்தது. பக்கத்து மண்டபத்தில் தலைவர் பேச ஆரம்பித்துவிட்டார் என்பது ஒலிபெருக்கியின் உறுமலில் தெரிந்தது. பூட்டுக்காரர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார், கிழவருக்கு இருமல் மருந்தாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒட்டுத்தாடி இல்லாமல் மேடைக்குப் போனது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் காற்று பட்டது. நேராக நின்றேன். முதல் வசனத்திலேயே ஒரு இருமல் வந்து தொண்டையில் நின்றது, அதை விழுங்கினேன். ஏணியில் கால் வைத்தேன். மேலே ஜன்னலில் அவள் நின்றாள், கன்னத்தில் கோடில்லாமல், பல்லில் மையில்லாமல். சின்னவர் வருஷக்கணக்காக விளக்கைப் பார்த்துச் சொன்ன வசனத்தை நான் அவளைப் பார்த்துச் சொன்னேன். சொன்னபோதுதான் அது இவ்வளவு நல்ல வசனமா என்று தெரிந்தது. பாதி ஏணியில் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கீழ பார்க்காதீங்க பெரியவரே" என்று உதடு அசையாமல் சொன்னாள்.

கீழே நடந்ததைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். வேலைக்காரனாக வந்த டிக்கெட்காரர் கொண்டை ஊசியால் பூட்டைத் திறந்ததும், முதல் வரிசையிலிருந்து, "அந்தப் பூட்டு ஊசிக்கெல்லாம் திறக்காதுய்யா" என்று ஒரு குரல் வந்தது. சபை சிரித்தது. அதிலிருந்து எதுவும் சொன்னபடி போகவில்லை. பெட்டிக்குள் போக மறுத்த கிழவர் பெட்டி மேலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே நான் அவர் மகளை ஏணி வழியாக இறக்கிக்கொண்டிருந்தேன். பூட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, உங்களைத்தான். பின்னால ஜன்னல் வழியா இறக்கறான் பாருங்க."

தச்சர் திரும்பிப் பார்த்தார். "தெரியுதுங்க. வசனம் அப்படி."

"வசனமாவது மண்ணாவது. பெத்த பொண்ணு போறாளேய்யா."

"ஏணி ஆடாது, பயப்படாதீங்க. நான் போட்டது."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இடிந்து விழுகிறதோ என்றுதான் முதலில் பயந்தேன். பக்கத்து மண்டபத்தில் ஒலிபெருக்கி நின்றுபோயிற்று. கதவு இடுக்கில் சின்னவர் முகமும் அதற்கு மேல் தலைவர் முகமும் தெரிந்தன. தச்சர் எழுந்து நின்று தன் கடைசி வசனத்தை யோசித்தார். வரவில்லை. பூட்டுக்காரர்தான் எடுத்துக்கொடுத்தார்.

"என் பொண்ணு எங்கேன்னு கேளுங்க ஐயா. கேட்டுட்டு அழணும்."

நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்கு வந்தபோது நான் மிதந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து நின்றேன், ஏறினேன், இறங்கினேன், ஒரு இருமல்கூட இல்லை. இனி என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பூட்டுக்காரர் உள்ளே வந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வயசு இருக்கு" என்றார் மகளிடம். "நான் ஒத்துக்கறேன். ஆனா மனுஷன் சரியில்லை. அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல ஏறறவனுக்குப் பொண்ணு கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? அதுக்கு அந்தப் பெரியவர் எவ்வளவோ மேல். வயசானாலும் பரவாயில்லைன்னு அவருக்கே கொடுத்துடலாம்னு தோணுது. இன்னிக்கு அவர் ஏன் வரலை? உடம்பு சரியில்லையா?" என்று மருந்துப் பொட்டலத்தை எடுத்தார்.

செவிலி என் ஒட்டுத்தாடியை ஆணியிலிருந்து எடுத்து என் முகத்தில் வைத்துப் பிடித்தாள். "இருமுங்க" என்றாள். இருமினேன்.

அவர் கிட்டே வந்து பார்த்தார். தாடியை எடுக்கச் சொன்னார், வைக்கச் சொன்னார். பிறகு மருந்தை என் கையில் கொடுத்தார்.

"ஒரே ஆள்தானா?"

"ஒரே ஆள்தாங்க."

"அப்ப ஒரு வார்த்தை கொடுங்க. என் பொண்ணு உங்களுக்குத்தான். ஆனா நீங்க எப்பவும் இந்தக் கிழவராவே இருக்கணும். அந்த ஜன்னல் ஏறற வேலைக்குத் திரும்பப் போகக் கூடாது. அது உங்க உத்தியோகத்துல முடியுமா?"

நான் அவளைப் பார்த்தேன். காதலனாவது எனக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள்ளிருந்து அதைத்தானே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அது கையில் பட்டு, எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு கேட்கிறார். அவள் தாடியை நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"முடியுங்க மாமா" என்றேன்.

ஆனால் முடியுமா என்பது என் கையில் இல்லை. எங்கள் வாரியத்தில் பதவி உயர்வு வேண்டாம் என்று சொல்ல வழியே கிடையாது. மூப்பு வந்தால் இளமை வந்தே தீரும். அதற்கு எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"நகைச்சுவையின் முக்கியத்துவம் பத்தி நான் பேசிட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தார் தலைவர். "முக்கியமான கட்டம். அந்த நேரத்துல பக்கத்துல சிரிப்புச் சத்தம். இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் பொறுப்புல இருந்த எந்த இடத்துலயும் இப்படி நடந்ததில்லை. ஜனங்க சிரிச்சது தப்புன்னு நான் சொல்ல வரலை. வாரியம் தயாரா இல்லாதப்ப சிரிச்சிருக்காங்க, அதுதான் ஒழுங்கீனம். குழாயில தண்ணி வரணும்தான். திறக்காத குழாயில வந்தா அதுக்குப் பேரு என்ன? கசிவு."

அடுத்து மாடியை உயர்த்திய குற்றம். தச்சர், மரம் ஈரத்தில் தானாக நிமிர்ந்திருக்கும் என்றார், அதைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்து, காதலன் பதவிக்குப் பொருந்தாத இளமை. இதைச் சொன்னவர் சின்னவர். பாவம், அவருக்குக் கோபமில்லை, கவலைதான்.

"இந்தத் தம்பி ஏறினதை ஜனங்க பார்த்துட்டாங்க. நாளைக்கு எங்கிட்டயும் அந்த உயரத்தை எதிர்பார்ப்பாங்க. என் முழங்காலுக்கு யார் பொறுப்பு?"

கூட்டம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஏதாவது சொல்லணுமா?"

"தண்டனைன்னா, என்னை எப்பவும் கிழவனாவே வெச்சிடுங்க ஐயா" என்றேன்.

சின்னவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். தலைவர்கூடத் தணிந்துபோனார்.

"அவ்வளவு கொடுமையா நாங்க யோசிக்கலைப்பா. ஒரு வருஷ உயர்வை நிறுத்தலாம்னுதான் இருந்தோம். ஆனா நீயே கேட்கறதால... குற்றவாளி தானா முன்வந்து அதிகபட்ச தண்டனை கேட்கறது வாரிய வரலாற்றுல இதுதான் முதல் தடவை. இதைப் பயன்படுத்திக்காம விட்டா தப்பாயிடும்."

வாழ்நாள் முழுக்கக் கிழவன் என்று தீர்ப்பாயிற்று. பயிலரங்க யோசனை தலைவருடையது என்பதால் அதற்கு உதவிய செவிலிக்குப் பாராட்டு. மாடியைத் தரைக்கே இறக்கினார்கள். இம்முறை பழைய கால்களை அறுத்து நாற்காலி செய்துவிட்டார்கள். அந்த நாற்காலியில்தான் தலைவர் இன்றும், அதாவது அவருக்குப் பின் வந்த தலைவர், உட்காருகிறார்.

எங்கள் கல்யாணம் நடந்தது. மாமனார் வாரம் தவறாமல் முதல் வரிசைக்கு வந்தார். ஒருநாள் யாருக்கும் தெரியாமல் மேடைப் பூட்டை எடுத்துவிட்டுத் தன் கடைப் பூட்டைப் போட்டுவிட்டார். வேலைக்காரன் கொண்டை ஊசியைக் குத்திக் குத்திப் பார்த்தான், திறக்கவில்லை. கடிதம் கைக்குப் போகாததால் அன்று கதாநாயகி ஓட முடியாமல் உள்ளேயே இருந்துவிட்டார், நாடகம் பாதியில் நின்றது. மாமா கைதட்டினார். நான் பெட்டிக்குள் இருந்தேன்; வெளியே என்ன நடந்தது என்று செவிலிதான் ஓட்டை வழியாகச் சொன்னாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

அவர் போய்ச் சேர்ந்து பல காலமாகிறது. வாக்கை மீறுவதற்கு இப்போது தடுப்பார் யாருமில்லை; ஆனால் தண்டனை இருக்கிறதே. எனக்குப் பின்னால், வயது கூடிச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டி மேலே போய், வைத்தியராகி, நண்பனாகி, காதலனாகி, வீட்டுக்கும் போய்விட்டார்கள். எனக்கு இப்போது தாடி ஒட்ட வேண்டியதில்லை. இருமலும் சொந்த இருமல். போன ஆண்டு வாரியம் என் நடிப்பில் இயல்பு கூடிவிட்டதாகக் குறை கண்டு, பயிற்சிக்குப் பரிந்துரைத்திருக்கிறது.

அவள் மூப்புப்படி மேலே போனாள். செவிலியாக இருந்தவள் பக்கத்து வீட்டுக்காரியானாள், தோழியானாள், முழுத் தலையும் நரைத்த பிறகு இந்த வருஷம் கதாநாயகியாகிவிட்டாள். என் மகள் அவள். மாலை தவறாமல் நான் அவளை வைத்துப் பூட்டுகிறேன். மாலை தவறாமல் அவள் இன்னொருவரோடு ஓடிப்போகிறாள். அந்த மனிதர் இடுப்பு வலிக்குப் பெல்ட் கட்டியவர். அவள்தான் அவர் கையைப் பிடித்து ஜன்னல் சட்டத்தைத் தாண்ட வைக்கிறாள். அந்த ஏணியையும் உயரத்தையும் ஒரு நாள் பார்த்த ஆள் இப்போது எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து அந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம், என்னால் இதைவிட நன்றாகச் சொல்ல முடியும் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறேன். மேலே உட்காரும் புதிய செவிலிப் பெண் பேசுவதே இல்லை, செல்போன் பார்க்கிறாள்.

நேற்றும் அப்படித்தான். காதலர்கள் ஜன்னல் பக்கம் நகரும் ஓசை கேட்டது. காலடி பெட்டியருகே வந்து நின்றது. ஓட்டையை யாரோ மறைத்தார்கள், உள்ளே இருட்டியது.

"பெரியவரே, வீட்டைப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?"

பதில் சொல்வதற்குள் அவள் ஓடிப்போய்விட்டாள். பூட்டினேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மூடியைத் திறந்துகொண்டு எழுந்து, "என் பொண்ணு எங்கே?" என்று கேட்டேன். முதல் வரிசையில் யாரும் இல்லை. திரைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டு, வீட்டுச் சாவி எங்கே என்று எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.